கேப்டன் கார்வினின் சமையலறை

டி மாயின், அயோவா
1993 மார்ச் 9

மார்லிஸுக்கு,

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரித்தால் நடிக்கிறான் என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒரு தகவல் வேண்டும்.

கேப்டன் கார்வினை ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை காலைகளில் டிவியில் வந்த விண்வெளித் தொடர். நம் வீட்டில் டிவி இல்லை. பக்கத்து வீட்டு ஹேகன்களின் கூடத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தேன், அதற்குள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அந்தத் தொடரை வைத்துப் போட்ட கலரிங் புத்தகம் ஒன்றை அப்பா வாங்கிவந்து என் படுக்கையில் போட்டார். ஆறு வயதில், அந்தக் குளிர்காலம் முழுக்க, எனக்கு உலகம் என்றால் அந்தப் புத்தகம்தான்.

இப்போது என் பிழைப்பும் பைத்தியமும் அதுதான் என்று உனக்குத் தெரியும். பழைய டிவி தொடர்களின் கலரிங் புத்தகங்களைத் தேடிச் சந்தை சந்தையாகக் காரோட்டுகிறேன். கார்வின் மட்டுமே ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறேன், எல்லாம் கிரேயான் படாதவை. ஆனால் அன்று என் புத்தகத்தில் இருந்த ஒரு பக்கம் மட்டும் எந்தப் பிரதியிலும் இல்லை. கப்பலின் சமையலறை. கேப்டனும் இன்ஜினியர் ஸ்டப்ஸும் மற்றவர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பான்கேக் சாப்பிடுகிறார்கள். ஒரு நாற்காலி காலி. மூலையில் ஒரு அடுப்பு, அதன் ஒரு காலுக்கு அடியில் செங்கல். விண்வெளிக் கப்பலில் செங்கல் முட்டுக் கொடுத்த அடுப்பு! அப்படி யோசித்தவன் சாமானிய ஆளாக இருக்க முடியாது. கலரிங் புத்தகம் வரைந்தவர்களிலேயே அவன் ஒருவன்தான் மேதை என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில் இண்டியானாவில் நடக்கும் சேகரிப்பாளர் கூட்டத்தில் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

தொடரின் முதல் வருடத்தோடு லெப்டினன்ட் வேரா என்ற பாத்திரத்தைத் தூக்கிவிட்டார்கள். காலி நாற்காலி அவளுடையது. முதல் பதிப்பில் இருந்த அந்தப் பக்கத்தைப் பிறகு கழற்றிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. அப்பா எந்தக் கடையில் வாங்கினார் என்று தெரிந்தால் எந்தப் பதிப்பு என்று பிடித்துவிடுவேன். அடுத்த சந்தை ஓமஹாவில். அந்த ஊர் அஞ்சலகத்துக்கு எழுது, நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் புத்தகம் என் கையில் இருந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்யவே வேண்டியிருக்காது. ஏன் இல்லை என்பது உனக்குத்தான் தெரியும்.

வெண்டெல்


ஓ கிளேர், விஸ்கான்சின்
மார்ச் 15

வெண்டெலுக்கு,

லண்ட் மருந்துக்கடையில் வாங்கினார், இருமல் மருந்தோடு சேர்த்து. கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இனி கேட்காததையும் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தை வரைந்தது நான்.

பிப்ரவரி பாதிக்குள் நீ முழுப் புத்தகத்தையும் தீட்டி முடித்துவிட்டாய். “இன்னொண்ணு வேணும்! இன்னொண்ணு வேணும்!” என்று மாடியிலிருந்து நீ போட்ட கூச்சலில் அம்மாவுக்குக் கை வேலை ஓடவில்லை. உன்னை அழவிடக் கூடாது, காய்ச்சலில் பலவீனமான இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அந்த மாதம் வேலை இல்லை, இன்னொரு புத்தகத்துக்கு வழியும் இல்லை. கசாப்புக் கடையில் இறைச்சி சுற்றித் தரும் வெள்ளைத் தாள் இருக்குமே, அதில் கறைபடாத பக்கமாகப் பார்த்து வெட்டினேன். உன் புத்தகத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து கேப்டனின் முகத்தைப் படியெடுத்தேன். விண்வெளிக் கப்பலின் சமையலறை எப்படி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? நம் சமையலறையை வரைந்துவைத்தேன். நீ படுத்திருந்தபோதுதான் அடுப்புக் கால் உடைந்தது, அம்மா செங்கல் வைத்தாள். நீ எழுந்து வருவதற்குள் அப்பா இரும்புக் கால் பற்றவைத்துவிட்டார், அதனால் உனக்குத் தெரிய வழியில்லை. தேவாலய அலுவலகத்தில் ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிப் புத்தகத்துக்குள் அடித்துச் சேர்த்தேன். முதல் பதிப்பும் இல்லை, மேதையும் இல்லை. பதினாலு வயசு மார்லிஸ்தான்.

இன்னொன்று. அந்தப் புத்தகத்தைத் தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்தது அம்மா. நீ கடற்படையில் இருந்தபோது, பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று கொடுத்துவிட்டாள். அடக்கத்தன்று அத்தனை பேர் முன்னால் “என் சின்ன வயசையே தூக்கிக் கொடுத்துட்டா இவ!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். சவப்பெட்டிக்குள் இருப்பவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்லிஸ்


ஓமஹா, நெப்ராஸ்கா
மார்ச் 24

மார்லிஸ்,

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். காபியைக் கொட்டிக்கொண்டேன்.

அம்மா விஷயம் உண்மையென்றால் அன்று கத்தியது தப்பு. அதை யோசிக்கிறேன். ஆனால் மற்றது? நீயா? பள்ளிக்கூட நாடகத்துக்கு நீ வரைந்த மாட்டைப் பார்த்து ஹேகன் அம்மா “இது என்ன, சோஃபாவா?” என்று கேட்டது ஊருக்கே தெரியும். நான் சொல்லும் பக்கத்தில் ஒரு கோடு தடுமாறவில்லை. ஸ்டப்ஸ் முள்கரண்டியைப் பிடித்திருக்கும் விதம், தட்டிலிருந்து எழும் ஆவி எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. இருபது வருடமாக ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பார்த்த கண் இது. நீ ஏதோ வரைந்திருப்பாய், மறுக்கவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். அஞ்சலகக் கவுன்டருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தால் பழைய நினைவுகளில் தபால் மாறத்தான் செய்யும்.

நல்ல செய்தி ஒன்று. கார்வின் புத்தகத்துக்குப் படம் போட்டவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். எல்மர் வோபாட். மில்வாக்கியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போகிறேன்.

வெண்டெல்


ஓ கிளேர்
ஏப்ரல் 2

சரி, நான் வரையவில்லை. சோஃபாவைத்தான் வரைந்தேன்.

டி மாயின், ஓமஹா, நேற்று வந்த வெற்று உறையில் டோபிகா. கடிதம் வைக்க மறந்து உறையை மட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய், தெரியுமா? முத்திரை பார்ப்பது என் வேலை, அதனால் கேட்கிறேன். உனக்கென்று ஒரு வீடு இப்போது இருக்கிறதா, இல்லையா?

மா.


மில்வாக்கி, விஸ்கான்சின்
ஏப்ரல் 20

மார்லிஸ்,

ஒப்புக்கொண்டுவிட்டார்!

எண்பத்தைந்து வயது, காது மந்தம், ஆனால் கண் கூர்மை. பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம், பீச் பை, ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பறவைகளுக்கு ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கார்வின் புத்தகத்துல அந்தச் சமையலறை... நீங்கதானே வரைஞ்சீங்க?”

“எந்தச் சமையலறை?”

“அடுப்புக் காலுக்குச் செங்கல் வச்சிருப்பீங்களே!”

என்னையே பார்த்தார். பீச் பையைப் பார்த்தார். “செங்கல்,” என்றார். “ஆமாப்பா. செங்கல். நான்தான்.”

“காலி நாற்காலி வேராவுக்குத்தானே?”

“வேறே யாருக்கு? பாவம் அந்தப் பொண்ணு.”

என் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மேதை ஐயா என்றேன். கட்டுரையை அன்றே முடித்து அனுப்பிவிட்டேன், சேகரிப்பாளர் பத்திரிகையின் ஆகஸ்ட் இதழில் வருகிறது. உன் ஊர் நாலு மணி நேரத் தொலைவுதான். வந்திருப்பேன், ஆனால் வெள்ளிக்கிழமை டோலிடோவில் ஒரு சந்தை இருக்கிறது. அங்கே அஞ்சலகத்துக்கு எழுது.

வெண்டெல்


ஓ கிளேர்
மே 11

வெண்டெலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கி போய்வந்தேன். நீ கண்ணீர் விட்ட அந்த மேதையைப் பார்த்து நாலு கேள்வி கேட்பது என்று கிளம்பினேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே காரோட்டினேன், அவரைப் பாதி, உன்னைப் பாதி.

“அந்த அடுப்பை வரைஞ்சது நீங்களா?” என்றேன்.

“நீங்க யாரும்மா?”

“அதை வரைஞ்சவ. போன மாசம் வந்தவனோட அக்கா.”

என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பீச் பை ஏதாவது கொண்டுவந்தீங்களா?”

“இல்ல.”

“உங்க தம்பி கொண்டுவந்தான்,” என்றார் குறையாக. அப்புறம் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இங்க பாருங்கம்மா. ஸ்டுடியோக்காரன் போட்டோ அனுப்புவான். நாங்க அதுமேலயே கோடு இழுப்போம். பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அடுப்பு வரையவெல்லாம் யாருக்குங்க நேரம்? ஆனா அந்தப் பையன் உள்ள வந்தான், கையப் புடிச்சான், நீங்க மேதைன்னான். அம்பது வருஷம் குடித்தனம் பண்ணினவகூட அப்படிச் சொன்னதில்ல. எந்த வாயால இல்லைன்னு சொல்றது?”

சண்டை போடப் போனவள், அடுத்த முறை பீச் பை கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்த மனிதரை நீ எங்கேயும் பொய்யர் என்று எழுதக் கூடாது. பொய்யை அவர் வாயில் ஊட்டியது நீ.

நாற்காலிக்கு வருகிறேன். இதைச் சொல்லவே கூடாது என்று இருந்தேன்.

உனக்குச் சாப்பாடு மாடிக்கு வரும், தட்டில். கீழே உன் நாற்காலியை அம்மா நகர்த்தவே விடவில்லை. அப்பா ஒருநாள் அதைச் சுவரோரம் தள்ளினார். “எடுத்த இடத்துலயே வையுங்க!” என்று அம்மா போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நீ பிழைப்பாயா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்துபோவோம். சமையலறையை வரையும்போது அதையும் வரைந்துவிட்டேன். வேராவும் இல்லை, கீராவும் இல்லை. அது உன் இடம்.

மார்லிஸ்


டோலிடோ, ஒஹையோ
ஜூன் 3

மார்லிஸ்,

உன் கடிதத்தை மூன்று ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்து மறுபடி டோலிடோவுக்கே வந்திருக்கிறேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு சந்தையில் மேசையைப் போட்டுவிட்டு விற்காமலே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது, போனால் அங்கேயும் இருக்க முடியவில்லை.

தட்டு ஞாபகம் இருக்கிறது. ஓரத்தில் நீலப் பூ. நாற்காலி ஞாபகம் இல்லை. நான் கீழே இல்லையே, எப்படி இருக்கும்?

ஆனால் நீ சொல்வது நிஜமென்றால் நான் என்ன செய்வது? இருபது வருடமாக ஊர் ஊராக இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறேன். ஜூடித் என்னை விவாகரத்து செய்துவிட்டுப் போனதே இந்தப் புத்தகப் பெட்டிகளால்தான். கட்டுரை அச்சில் இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தின் முன் நின்று என்ன பேச?

ஒன்று செய். அதே பக்கத்தை மறுபடி வரைந்து அனுப்பு. பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

வெண்டெல்


ஓ கிளேர்
ஜூன் 12

வெண்டெலுக்கு,

மாட்டேன். பரீட்சை எழுத நான் பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. என் பேச்சை நம்பாதவன் என் கோட்டை எப்படி நம்புவான்? ‘இது வேற கை’ என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொல்வாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், சேகரிப்பாளரே. கிரேயான் படாத புத்தகங்களில் அல்லவா நீ இத்தனை வருடம் தேடினாய்? யாரும் தொடாத புத்தகத்துக்குள் அது எப்படி இருக்கும்? எல்லா நிறமும் தேய்ந்து உன்னிடம் ஆரஞ்சுத் துண்டு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அடுப்பு ஆரஞ்சு, பான்கேக் ஆரஞ்சு, கேப்டன் மூக்கு ஆரஞ்சு. நான் அதைச் சுவரில் மாட்டக் கேட்டபோது “தரமாட்டேன் போ!” என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அந்தப் புத்தகம் இன்று உன் மேசைக்கு வந்தால், ஓரத்தைப் பார்த்ததும் கறைபட்டது என்று அட்டையைக்கூடப் புரட்டாமல் எறிந்திருப்பாய்.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

மார்லிஸ்


கோகோமோ, இண்டியானா
செப்டம்பர் 19

அக்கா,

கோடை முழுக்க நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்ப மனம் இல்லை.

என் பேச்சு மதியத்துக்கு மேல். காலையில் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லார் கையிலும் ஆகஸ்ட் இதழ், என் கட்டுரை. ரால்ஃப் என்று ஒரு வியாபாரி, இந்தத் தொழிலில் என் பழைய போட்டியாளன். அவன் மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. மேலே ‘தீட்டியவை, சும்மா எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தான். இப்படிப்பட்ட பெட்டிகளை நான் காலால் ஒதுக்கிவிட்டுத்தான் நடப்பேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. குனிந்தேன்.

“என்ன வெண்டெல், குப்பை பொறுக்க ஆரம்பிச்சுட்டியா?” என்றான் ரால்ஃப்.

“வாய மூடிட்டு உன் வேலையப் பாரு,” என்றேன்.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என் வாழ்நாளில் இப்படிப் பிரித்ததே இல்லை. ஒரு பிள்ளை எல்லா முகத்துக்கும் பச்சை பூசியிருக்கிறது. இன்னொன்று, புத்தகம் முழுக்க நாயை மட்டும் தீட்டிவிட்டு மற்ற எல்லாரையும் அப்படியே விட்டிருக்கிறது. ஒரு பையன் வில்லன் முகத்தில் தாள் கிழியும்வரை கறுப்பை அழுத்தியிருக்கிறான். நம் புத்தகம் இல்லை, அதை உடனே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு கார்வின் இருந்தது. நடுவில் ஏதோ தடித்துத் தெரிந்தது. பிரித்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், தையல் நூலால் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்திருந்தது. பென்சில் படம். கேப்டன் கார்வின், தலைக்கவசத்தோடு, முக்காலியில் உட்கார்ந்து மாட்டில் பால் கறக்கிறார். அந்த மாடு, அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், சோஃபா மாதிரியேதான் இருந்தது. அதை யாரோ ஒரு குழந்தை ஊதா நிறத்தில் ஆசை ஆசையாகத் தீட்டியிருக்கிறது.

யார் வீடோ, யார் பிள்ளையோ. அங்கேயும் புத்தகம் தீர்ந்திருக்கிறது, அங்கேயும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்து கொடுத்திருக்கிறார். நான் மண்டபத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நம்பினேன். மார்ச் மாதமே நம்பியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

“டேய், உடம்பு சரியில்லயா?” என்றான் ரால்ஃப். அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது இதுதான் முதல் தடவை.

மதியம் மேடையேறி, நான் எழுதிய கட்டுரை தப்பு என்றேன். அது எந்தப் பதிப்பிலும் இல்லாத பக்கம், என் அக்கா இறைச்சித் தாளில் வரைந்தது என்றேன். அவள் பெயர் மார்லிஸ் டோலெஃப்சன் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வோபாட்டின் பெயரை எடுக்கவில்லை. முதலில் சிரித்தார்கள். ஒருவர் “இருபது வருஷமா இதையா தேடினே?” என்று கத்தினார். அப்புறம் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “எங்க வீட்ல எங்க அண்ணன் வரைஞ்சு தருவான்,” என்றாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வரைந்து அனுப்பு என்று இனிக் கேட்கமாட்டேன். பதில் போடு, அது போதும். எங்கே போடுவது என்று கேட்பாய். இந்த ஊரில் ஒரு அறை எடுத்திருக்கிறேன், விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. பதில் வரும்வரை நகரமாட்டேன்.

உன் தம்பி
வெண்டெல்


ஓ கிளேர்
அக்டோபர் 20

வெண்டெல்,

கேட்கமாட்டேன் என்றாய் அல்லவா, அதனால் வரைந்தேன். கை முன்னைப்போல் இல்லை. படியெடுக்கக் கேப்டன் முகம் கிடைக்காததால் அவர் எங்கள் அஞ்சலக மேலாளர் போல வந்துவிட்டார். செங்கல் மட்டும் அச்சு அசலாக இருக்கிறது.

இதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டி வைத்தாய் என்று தெரிந்தால் நேரில் வந்து உதைப்பேன். தீட்டித் திருப்பி அனுப்பு. போன தடவைதான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய், இந்தத் தடவை எனக்கு வேண்டும்.

மார்லிஸ்


கோகோமோ
நவம்பர் 6

அக்கா,

இத்துடன் இருக்கிறது. கடையில் பெரிய கிரேயான் டப்பாவாக வாங்கினேன். ஆனால் திறந்ததும் கை ஆரஞ்சுக்குத்தான் போயிற்று. முதல் கோட்டைப் போடுவதற்குள் வியர்த்துவிட்டது. ஒரு இடத்தில் நான் கூடுதலாக ஒன்று செய்துவிட்டேன், திட்டாதே.

வெண்டெல்


ஓ கிளேர்
நவம்பர் 13

டேய் வெண்டெல்,

கோட்டைத் தாண்டித் தாண்டிப் பூசியிருக்கிறாய், ஆறு வயதிலும் இதே லட்சணம்தான். ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டியிருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

காலி நாற்காலியில் குச்சிக் கை, குச்சிக் காலோடு ஒருத்தனை உட்காரவைத்திருக்கிறாயே, பார்த்தேன். ஆனால் அவன் முன்னால் தட்டு இல்லை. உனக்குத் தட்டு வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் நீலப் பூ போட்டது, அம்மா வைத்திருந்தது.

இருபத்தைந்தாம் தேதி நன்றி நாள் விருந்து. வோபாட்டையும் கூட்டிவருகிறேன், அவருக்கு பீச் பை நீ வாங்கி வா. பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிடு. மேசையில் உன் இடத்தில் யாரையும் உட்காரவைக்கவில்லை. வந்து எங்களோடு கீழே உட்கார்ந்து சாப்பிடு.

அக்கா